இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

என் மனைவி இறந்து எழுபது நாள் கழித்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது.

"தாங்கள் தொடர்ந்து இரண்டு கூட்டங்களில் தங்கள் நடப்பு வாசிப்பைப் பகிரவில்லை. எங்கள் பதிவேட்டின்படி தாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஏழு நாட்களுக்குள் முன்னேற்றம் குறித்து விளக்கம் அளிக்கவும்." கீழே ஒரு கையெழுத்து, அதன் மேல் ஒரு முத்திரை, முத்திரையின் மேல் இன்னொரு கையெழுத்து.

அனுப்பியது நடப்பு வாசிப்பாளர் பேரவை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நாலைந்து நண்பர்கள் ஒரு டீக்கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப என்ன படிச்சிட்டிருக்கே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில் ஆரம்பித்தது. அவ்வளவுதான் விஷயம். பிறகு யாரோ அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தார்கள். நோட்டை வைக்க மேசை வேண்டியிருந்தது. மேசையைப் போட அறை, அறைக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவியை வைத்திருக்க ஒரு செயலாளர். இன்று நாற்பத்து மூன்று உறுப்பினர்கள், ஆறு துணைக்குழுக்கள், நூற்றுப்பத்து விதிகள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை கூட்டம். ஒவ்வொருவரும் எழுந்து புத்தகத்தை நெஞ்சளவு உயரத்தில், அட்டை வெளியே தெரியப் பிடித்து, தலைப்பையும் தான் நிற்கும் பக்கத்தையும் அறிவித்து, மூன்று நிமிடத்துக்கு மிகாமல் பேச வேண்டும். புத்தகத்தைத் திறக்கக் கூடாது. எப்போதோ ஓர் உறுப்பினர் மேற்கோள் காட்டுவதற்காகத் திறந்து, அப்படியே படிக்க ஆரம்பித்துவிட்டாராம். கூட்டம் முக்கால் மணி நேரம் தடைப்பட்டதாம். அன்றைக்கு வந்த விதி.

என் மனைவி ஆஸ்பத்திரியின் மருந்து கவுன்ட்டரில் வேலை பார்த்தாள். ஆறு வருஷம், ஒரு கூட்டம் தவறாமல் போனாள். இஸ்திரி போட்ட உடுப்பு, தோள்பையில் புத்தகம். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எனக்கும் புத்தகத்துக்கும் ஆகாது. துக்கத்துக்கு வந்த அவளுடைய தங்கை, அழுது முடித்த ஒரு இடைவெளியில் என்னிடம் கேட்டாள்: "மாமா, அக்கா கடைசியா என்ன படிச்சிட்டிருந்தா?"

"ஏதோ ஒரு புத்தகம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பேரவைக்குப் போனேன். சண்டை போடுவதாகத்தான் எண்ணம். செயலாளர் மெலிந்த மனிதர். மேசையில் பித்தளை மணி ஒன்று, முத்திரைகள் ஏழு.

"என் மனைவி இறந்துட்டாங்க சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வருத்தமா இருக்குங்க. நல்ல உறுப்பினர். வருகைப் பதிவேட்டுல ஒரு சிவப்பு மை கிடையாது." பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்தார். "வராததுக்குக் காரணம் போடணும். வெளியூர்ப் பயணம், கண் நோய், பரீட்சை, புத்தகம் தொலைஞ்சது. இதுல எது?"

"இதுல எதுவும் இல்லையே சார்."

"வெளியூர்ப் பயணம்னு போட்டுக்கலாமா? அது கொஞ்சம் கிட்ட வருது."

"பேரை எடுத்துடுங்க சார். போதும்."

"தாராளமா எடுக்கலாம். அதுக்கு ரெண்டே வழிதான். புத்தகத்த முடிச்சாங்களா?"

"இல்ல."

"கைவிட்டுட்டேன்னு எழுதிக் கொடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப வாசிச்சிட்டிருக்காங்க" என்று சொல்லி, பதிவேட்டில் ஒரு டிக் போட்டார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எழுபது நாளாக எல்லோரும் என் மனைவியை "இருந்தாங்க", "செஞ்சாங்க", "நல்லவங்களா இருந்தாங்க" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். வங்கி, ஆஸ்பத்திரி, பக்கத்து வீடு, எல்லா இடத்திலும் அவள் முடிந்துபோனவள். இந்த ஒரு அறையில், இந்த அரைப்பைத்தியத்தின் நோட்டில் மட்டும் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் சண்டை போடாமல் நின்றேன். பேரை எடுக்க வேண்டாம் என்று நானே சொன்னேன்.

"பாருங்க" என்று அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். தேதி, புத்தகம், பக்கம், பேசிய நேரம், குறிப்பு. மற்ற உறுப்பினர்களின் வரிசையில் மாதாமாதம் ஒரே எண் இருந்தது. தலைவருக்கு நாற்பத்தேழு. பதினோரு வருஷமாக நாற்பத்தேழு. என் மனைவியின் வரிசை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அறுபது, முந்நூற்றுப் பத்து, 'முடித்தார்'. நாற்பது, நூற்றெண்பது, 'முடித்தார்'. ஒவ்வொரு 'முடித்தார்' கீழேயும் சிவப்புக் கோடு.

"இது ஏன் சிவப்பு?"

"முடிச்சுட்டா அது நடப்பு வாசிப்பு இல்லையேங்க. பல தடவை எச்சரிச்சோம். கேக்க மாட்டாங்க. கடைசியிலதான் திருந்தினாங்க. பாருங்க, மூணு கூட்டமா இருநூத்திப் பன்னண்டுலயே நிக்கறாங்க."

உண்மைதான். இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்றாவதற்கு எதிரே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'புத்தகத்துக்குத் தொடர்பற்ற, குடும்பம் சார்ந்த வாக்கியம் ஒன்று நீக்கப்பட்டது.'

"இது என்ன வாக்கியம் சார்?"

"நீக்கப்பட்டதுங்க."

"அதான், என்ன சொன்னாங்க? நான்தானே குடும்பம்."

"எனக்கு ஞாபகம் இல்ல. நாற்பத்து மூணு பேர் பேசறாங்க. ஆனா வாக்கியம் பத்திரமா இருக்கும்." அவர் சுவரோரம் நின்ற இரும்பு அலமாரியைக் காட்டினார். "பேசின ஒரு சொல்லும் வீணாகக் கூடாதுங்கிறது எங்க நிறுவனரோட கொள்கை. அதனால நீக்கறதையெல்லாம் கவர்ல போட்டு ஒட்டி உள்ள வச்சிடுவோம். பன்னிரண்டு கூட்டம் விடாம வந்த உறுப்பினர் மனு கொடுத்தா, செயற்குழு பரிசீலிக்கும்."

அவள் என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாள். இறப்பதற்குப் பதினாறு நாள் முன்னால், நாற்பத்து மூன்று பேர் நடுவில். அது ஒரு கவருக்குள் இருக்கிறது. நான் உறுப்பினராவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நேர்முகத் தேர்வுக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். இடப்பக்கம் செயலாளர். வலப்பக்கம் தாடியும் ஜிப்பாவுமாக ஒரு விமர்சகர்.

"இப்ப என்ன வாசிச்சிட்டிருக்கீங்க?" என்றார் தலைவர்.

பொய் சொல்லத் தெரியவில்லை. பையில் இருந்ததை எடுத்துக் காட்டினேன். 'ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்: பழுதுகளும் தீர்வுகளும்'. எண்ணெய்க் கறை படிந்த அட்டை.

"எந்தப் பக்கம்?"

"எண்பத்தெட்டு. கேஸ் லீக்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துரத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். விமர்சகர் தாடியைத் தடவினார். "ஒற்றைக் கதவு. உள்ளே குளிர். கசிவு. ரொம்ப நாளா இப்படி ஒரு பிரதிக்காகத்தான் காத்திட்டிருந்தோம்."

"எப்ப முடிப்பீங்க?" என்று தலைவர் சந்தேகமாகக் கேட்டார்.

"இது முடிக்கிற புத்தகம் இல்லைங்க. தேவைப்படறப்ப எடுத்துப் பாக்கறது."

தலைவர் முகம் மலர்ந்தது. "இந்தப் பக்குவம் படிச்சவங்களுக்கே வராது. யார் வேணா புத்தகத்த முடிச்சிடலாம். நான் நாப்பத்தேழாம் பக்கத்துல பதினோரு வருஷமா இருக்கேன். அடுத்த பக்கத்துல என்ன இருக்குன்னு ஒரு நாள் கூடச் சபலப்பட்டதில்ல."

ஆக, நான் உறுப்பினரானேன். முதல் கூட்டத்தில் கையேட்டை நெஞ்சளவு பிடித்துக்கொண்டு, குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிப்பதைப் பற்றி மூன்று நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். இரண்டாம் மாதமும் அதையே பேசினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். மூன்றாம் மாதம் விமர்சகர் எழுந்து, சோப்புக் குமிழ் என்பது வாழ்வின் நிலையாமை என்றார். இல்லைங்க, அது லிக்விட் சோப்பு என்றேன். அந்த அடக்கத்தைப் பாராட்டி ஒரு தீர்மானம் நிறைவேறியது.

நாலாம் மாதம் என்னை முன்னேற்றக் கண்காணிப்புக் குழுவில் போட்டார்கள். யாரும் முன்னேறிவிடாமல் கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. ஒரு ஆசிரியை ஒரே மாதத்தில் முப்பது பக்கம் தாண்டிவிட்டார் என்று புகார் வந்தது. விசாரணைக்குப் போனோம். "மழையா இருந்துச்சு சார், வேற வேலை இல்ல" என்று அந்த அம்மா கண் கலங்கினார். எச்சரித்து விட்டுவிட்டோம். என் மனைவியையும் இப்படித்தான் நிற்க வைத்து எச்சரித்திருப்பார்கள் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது. அவள் வீட்டில் இதைச் சொல்லவே இல்லை. சொல்ல வந்திருப்பாள்.

ஏனென்றால் அவள் சொல்ல வந்துகொண்டேதான் இருந்தாள். "ஏங்க, ஒண்ணு சொல்லட்டா?" என்பாள். வேலை முடிந்து வந்து, உடம்பெல்லாம் அலுப்பாக, நான் தட்டைப் பார்த்தபடி, "நாளைக்குச் சொல்லேன்" என்பேன். கோபமாகச் சொன்னதில்லை. அன்பாகவே சொல்வேன். கம்பிரஸர் பழுதா என்று தெரிய, ஸ்க்ரூ டிரைவர் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். உள்ளே ஒரு வால்வு லேசாகத் தட்டினாலும் எனக்குக் கேட்டுவிடும். ஊரில் அந்தக் காதுக்கு நல்ல பெயர். இருபத்தாறு வருஷம் ஊரார் வீட்டு இரும்பையெல்லாம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கவருக்குள் என்ன இருக்கும் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் குறை சொல்லியிருப்பாள் என்று சில நாள் தோன்றும். சொல்லட்டும், என்ன குறை என்றாவது தெரிந்துகொள்வேன். தலைவலி என்று சொல்லியிருப்பாளோ என்று சில நாள் தோன்றும். அன்றைக்கெல்லாம் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் தலையைக் கொடுத்துக்கொண்டு அழுவேன். அங்கே யாரும் பார்ப்பதில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது என்று டாக்டர் சொன்னார். வலி முன்னாலேயே இருந்திருக்குமா என்று நான் கேட்டதற்கு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்.

இடையில் அவளுடைய அந்தப் புத்தகத்தையும் எடுத்துப் படித்தேன். கட்டில் பக்கத்து ஸ்டூலில் அப்படியே கிடந்தது. நாவல். நானூற்றுச் சொச்சம் பக்கம். முதல் ஐம்பது பக்கத்துக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிறகு யார் எவர் என்று பிடிபட்டுவிட்டது. பஸ்ஸில், பார்ட்ஸ் கடை வரிசையில், ஞாயிற்றுக்கிழமை டீயோடு என்று படித்து ஐந்தாம் மாதம் முடித்தேன். முடித்ததைப் பேரவையில் மூச்சு விடவில்லை. என் கணக்கில் நான் எண்பத்தெட்டாம் பக்கத்தில், கேஸ் லீக்கில்தான் இருந்தேன்.

பன்னிரண்டாவது கூட்டம் ஆண்டு விழாவாக அமைந்தது. தலைவர் உரையாற்றினார்.

"உலகம் வேகமா ஓடிட்டிருக்கு. எல்லாரும் எங்கயோ போய்ச் சேர்ந்துட்டே இருக்காங்க. நாம அப்படி இல்ல. இந்த வருஷம் நம்ம உறுப்பினர்கள் மொத்தமாச் சேர்ந்து நாப்பத்தொரு பக்கம்தான் நகர்ந்திருக்காங்க. போன வருஷம் ஆயிரத்துக்கு மேல. எவ்வளவு முன்னேற்றம்னு பாருங்க. எங்கிட்ட ஒருத்தர் கேட்டார், நீங்க நெசமாவே படிக்கறீங்களான்னு. நான் சொன்னேன், தம்பி, படிக்கறது தனி மனுஷன் வேலை. படிச்சிட்டிருக்கறதுதான் இயக்கம்."

நீண்ட கைதட்டல். பிறகு செயலாளர் மைக்கைப் பிடித்து, ஆண்டின் சிறந்த நடப்பு வாசிப்பாளர் விருதை அறிவித்தார். "பதினேழு மாதமா ஒரே பக்கத்துல, ஒரு வரி கூட முன்னேறாம, ஒரு புகாருக்கும் இடம் கொடுக்காம, அமைதியா வாசிச்சிட்டிருக்கற உறுப்பினர்." அவர் என் மனைவியின் பெயரைச் சொன்னார்.

அரங்கம் கை தட்டியது. யாரோ அவளைத் தேடித் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவங்களால இன்னைக்கு வர முடியல. அவங்க சார்பா அவங்க கணவர் வாங்கிக்குவார்" என்றார் செயலாளர். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். பொய்யும் சொல்லவில்லை, பாவம். அவளால் வர முடியவில்லைதான்.

நான் மேடைக்குப் போய், கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை வாங்கிக்கொண்டேன். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, இதே மாதிரி தொடரணும்னு" என்றார். சரிங்க என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

விழா முடிந்ததும் மனுவை நீட்டினேன். விருது பெற்ற குடும்பம் என்பதால் செயற்குழு நின்றபடியே பரிசீலித்தது. செயலாளர் அலமாரியைத் திறந்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் கவர்கள். இத்தனை பேர் இத்தனை வருஷம் எதையோ சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தேதி பார்த்து ஒன்றை உருவி, மூன்று இடத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுத்தார்.

கால் தாள். செயலாளரின் குண்டு எழுத்து.

'உறுப்பினர் கூறியது: "மூணு மாசமா ஏன் ஒரே பக்கத்துல நிக்கறேன்னா, இதுல ஒரு இடம் வருது, அத எங்க வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டணும். அவரு அலுத்து வர்றாரு, சரியான நேரம் அமையல. அவருக்குக் காட்டாம அதத் தாண்டிப் போக எனக்கு மனசு வரல. அது என்ன இடம்னா" (இதன் பின் உறுப்பினர் விதியை மீறிப் புத்தகத்தைத் திறக்க முற்பட்டார். மணி அடிக்கப்பட்டது. அமர்ந்தார்.)'

மணி இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

செயலாளர் எட்டிப் படித்துப் பார்த்தார். "தொடர்பில்லாததுதானேங்க? நீங்களே சொல்லுங்க. இங்க சொல்ற விஷயமா இது?"

"இல்ல சார்" என்றேன். "வீட்டுல சொல்ல வேண்டியது."

"அதான் நீக்கினோம்" என்றார் நிம்மதியாக.

"எந்த இடம்னு சொன்னாங்களா சார்? உக்காந்த பிறகு, பக்கத்துல யார்கிட்டயாவது?"

அவருக்குத் தெரியவில்லை. கலைந்துகொண்டிருந்தவர்களை வாசலில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்டேன். அன்றைக்கு இவங்க பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார், எந்த இடம் என்று ஒரு வார்த்தை சொன்னாங்களா என்று. ஒருவர், தன் முறை அடுத்தது என்பதால் தன்னுடையதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். விமர்சகர், எந்த இடம் என்று தெரியாமல் போவதுதான் அந்தப் பக்கத்தின் உச்சம் என்றார். அவரை அடிக்கக் கை எழுந்தது, சான்றிதழ் கையில் இருந்ததால் அடிக்கவில்லை. முப்பது பக்கம் தாண்டிய அந்த ஆசிரியை மட்டும் நின்று யோசித்தார். "உக்காந்தப்ப சிரிச்சாங்க சார். அவ்வளவுதான் ஞாபகம்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடுங்க என்றார். அவர் ஏன் மன்னிப்புக் கேட்டார் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியவன் நான்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காலையில் அவள் தங்கைக்கு ஃபோன் போட்டு, உன் அக்கா கடைசியாகப் படித்துக்கொண்டிருந்தது இன்ன புத்தகம் என்று தலைப்பைச் சொன்னேன். "எப்படி மாமா தெரிஞ்சது?" என்றாள். விசாரித்தேன் என்றேன்.

பிறகு புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நான் அதை ஏற்கெனவே ஒரு தடவை கடந்து போயிருக்கிறேன். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீயை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றும் தோன்றாமல்.

முப்பத்தொரு வரி. கணவன் கூரையில் ஏறி ஓடு மாற்றுகிறான். மனைவி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவன் ஏதோ கேட்கிறான், காற்றில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை, சும்மா ஆமாம் என்கிறாள். ஒரு நாய் வருகிறது. மழை வருமா என்று பேசிக்கொள்கிறார்கள். அவன் இறங்கும்போது சட்டை ஆணியில் மாட்டிக்கொள்கிறது. இருவரும் சிரிக்கிறார்கள். பக்கம் முடிகிறது. கோடு இல்லை, மடிப்பு இல்லை, பென்சில் குறி இல்லை.

ஏணியா, நாயா, சட்டையா, அந்த ஆமாமா? என்னைக் கிண்டல் செய்யவா, கொஞ்சவா, குத்திக் காட்டவா? எதற்காக அவள் மூன்று மாதம் ஒரு பக்கத்தில் காத்து நின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. வாய் விட்டுப் படித்துப் பார்த்தேன். அவள் குரலில் எப்படி வரும் என்று நினைத்துப் படித்தேன். சட்டை இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நாய் இடத்தில் அழுகை வந்தது. அதில் அழ ஒன்றும் இல்லை.

மத்தியானம் வரை படித்தேன். எந்த இடம் என்று தெரியவில்லை.